குதிகாலுக்கு இடமில்லாத பெஞ்சு

ஆட்டம் என்று கூப்பிட்டால் பட்டறைத் தெருவில் ஒரே ஒருவர்தான் திரும்பிப் பார்ப்பார். புதிதாக வந்தவர்கள், மேடையில் ஆடிய மனிதர் போலிருக்கிறது என்று நினைத்து அவருடைய கால்களைப் பார்ப்பார்கள். கால்களில் மரத்தூளும், எப்போதோ சுத்தியல் விழுந்து கறுத்துப்போன ஒரு கட்டைவிரல் நகமும்தான் இருக்கும். அவர் தச்சர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை இன்னமும் சொல்கிறவர் அவருடைய அக்கா மட்டும்தான். அதுவும் அக்காவின் கணவர் பக்கத்தில் இல்லாதபோது.

ஆட்டம் என்ற பெயரைச் சூட்டியவர் அந்தக் கணவர். தச்சருக்கு அவர் மாமா.

மாமா அப்போது செருப்புக் கடை தொடங்கிக்கொண்டிருந்தார். வருகிறவர்கள் உட்கார்ந்து செருப்பைப் போட்டுப் பார்க்க நீளமாக ஒரு பெஞ்சு வேண்டும் என்று மச்சினனிடம் சொன்னார். தச்சருக்கு இள வயது. நாற்காலி வேலையில் கை நன்றாகத் திரும்பியிருந்த காலம். ஆசையாகச் செய்தார். கால்களைத் தரைக்குச் சற்று மேலே ஒன்றோடொன்று பிணைக்கும் குறுக்குச் சட்டத்தை மட்டும் எடைக்குத் தகுந்த மாதிரி தடியாகப் போட்டார். மாமா பட்டறைக்கு வந்து பார்த்தார். கையோடு கொண்டு வந்திருந்த செருப்புப் பெட்டிகளை பெஞ்சுக்கு அடியில் தள்ளிப் பார்த்தார். சட்டம் இடித்தது.

“இந்தக் கட்டையை எடுத்துடு மாப்ளே. பெட்டி உள்ள போகல.”

“அது இருந்தாத்தான் மாமா காலு நிக்கும். எடுத்தா பக்கவாட்டுல சாஞ்சிடும்.”

“பெஞ்சு என்ன, நடந்தா போகப் போகுது? எடுன்னா எடு.”

எடுத்தார். கடை திறந்த அன்று, கட்டடத்தின் சொந்தக்காரரும் அவருடைய மனைவியும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இரண்டு பேருமே நல்ல உடம்பு. யாரோ போட்டோ எடுக்கக் கூப்பிட, இருவரும் ஒரே சமயத்தில் ஒரே பக்கமாகத் திரும்பிச் சிரித்தார்கள். பெஞ்சு கோபப்படாமல், அவசரப்படாமல், தூக்கம் வந்த மாடு படுப்பதுபோல ஒரு பக்கமாகப் படுத்தது. அடி பெரிதாக இல்லை. சிரிப்புத்தான் பெரிதாக இருந்தது. சொந்தக்காரரைத் தூக்கி நிறுத்திவிட்டு மாமா எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்:

“பொண்டாட்டி தம்பியாச்சேன்னு வேலையைக் குடுத்தேன். இவன் பேரையே ஆட்டம்னு மாத்திடணும்.”

மாற்றிவிட்டார்கள். அங்கே நின்று சிரித்தவர்களில் தச்சர் வேலை பார்த்த நாற்காலிப் பட்டறையின் முதலாளியும் ஒருவர். மறுநாளிலிருந்து நாற்காலி வேலை வேறு ஆளுக்குப் போனது. பிறகு வந்த வருஷங்களில் தச்சர் செய்ததெல்லாம் யாரும் உட்காராத பொருள்கள். கதவு செய்தார், ஜன்னல் செய்தார், ஏணி செய்தார், இயந்திரங்களை அடைத்து லாரியில் ஏற்றும் பெட்டிகள் செய்தார். ஏணிகூட நல்ல ஏணிதான். ஆனால் வாங்குகிறவன் ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை அசைத்துப் பார்த்துவிட்டு, தச்சரின் முகத்தைப் பார்ப்பான். அந்தப் பார்வைக்கு அவர் பழகவே இல்லை.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த மனிதர் தன் வாயால், ‘கட்டையை எடுக்கச் சொன்னது நான்தான்’ என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். வீடு வாசல் கேட்கவில்லை. ஆனால் அதைக் கேட்க அன்று வாய் வரவில்லை. அன்று தொண்டையில் நின்றது பிறகு கீழே இறங்கவும் இல்லை, மேலே வரவும் இல்லை. இழைப்புளியைத் தள்ளும்போது பலகையில் மாமாவின் முகத்தைப் பார்ப்பார். சுருள் சுருளாக அது கழன்று விழும். பலகை மெலிந்ததே தவிர முகம் தேயவில்லை.

அக்கா மீதும் கொஞ்சம் கோபம் மிச்சம் இருந்தது. மாமா கட்டையை எடுக்கச் சொன்ன அன்று அக்காவும் பட்டறை வாசலில் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டாள். திறப்பு நாளில் கண்ணாடித் தம்ளர்கள் வைத்த தட்டோடு கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். வாயைத் திறக்கவில்லை.

அந்த அக்காதான் ஒருநாள் போன் செய்தாள்.

“டேய், வாசல்ல ஒரு பெஞ்சு வேணும்டா. உக்காந்து செருப்பு மாட்டணும், அடியில செருப்பு அடுக்கணும். உங்க மாமாவுக்கு முழங்கால் போயிடுச்சு. ஷூ மாட்டுறதுக்குள்ள செவுத்தப் புடிச்சுக்கிட்டு கொக்கு மாதிரி நிக்கிறார்.”

“கடையில ரெடிமேடா விக்குதே.”

“வாங்கினோம். மழைத் தண்ணி சொட்டிச் சொட்டி பிஸ்கட் மாதிரி ஊறிப் போச்சு. உறுதியா வேணும். நீ செஞ்சு குடு.”

“நான் செஞ்சா ஆடுமேக்கா.”

“நாளைக்கு வந்து அளவெடுத்துக்கோ,” என்று அக்கா போனை வைத்துவிட்டாள்.

தச்சரும் போனை வைத்தார். மாமா உட்காரப் போகிறார், தன் கையால் செய்த பலகையில். முதலில் தோன்றியது எல்லோருக்கும் தோன்றுவதுதான். ஒரு காலின் கழுந்தை, துளைக்குள் போய் இறுக வேண்டிய அந்த மர நாக்கை, பாதியோடு அறுத்துவிட்டுப் பசை தடவி மூடிவிட்டால் வெளியே தெரியாது. ஒருநாள் மாமா ஷூ கயிற்றை இழுக்கும்போது படக். எந்தக் கால், எந்தப் பக்கம் விழுவார், பக்கத்தில் யார் நிற்பார்கள் என்று ஒரு முழுப் பகல் வேலையைப் போட்டுவிட்டு யோசித்தார். அவ்வளவு சுகமான பகல் அவருக்கு வெகு காலமாக வாய்க்கவில்லை.

பொழுது சாயும்போது புத்தி வந்தது. உடைந்தால் மாமா என்ன சொல்வார்? ‘பாத்தீங்களா, நான் அன்னைக்கே சொன்னேன்’ என்பார். அப்புறம் அந்தப் பெயரைச் செதுக்கி எடுக்க உளியே கிடையாது. ஆகவே இந்த பெஞ்சு உடையக் கூடாது. ஆடக் கூடாது, முனகக் கூடாது. யானை உட்கார்ந்தாலும் நிற்க வேண்டும். செய்ய வேண்டியதை அந்த உறுதிக்குள்ளேயே செய்ய வேண்டும்.

உட்காரும் பொருளுக்கு அளவெடுப்பதில் தச்சருக்கு ஒரு வழக்கம் இருந்தது. டேப்பை எடுக்க மாட்டார். மெல்லிய பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஆளை அதன் மேல் உட்காரச் சொல்வார். எழுந்திருங்கள் என்பார். ஆள் முழங்காலில் கை ஊன்றினாலோ, முன்னும் பின்னும் ஆடி வேகம் எடுத்தாலோ, இன்னொரு பலகை சேர்ப்பார். பேச்சு வாக்கில், தான் எழுந்ததே தெரியாமல் எந்த உயரத்தில் ஆள் எழுகிறாரோ அதுதான் அவருடைய உயரம். மனிதன் பொய் சொல்வான், முழங்கால் சொல்லாது என்பது தச்சரின் எண்ணம்.

அக்கா வீட்டு வாசல் கதவைத் திறந்தால் குறுகலாக ஒரு நடை. ஒரு பக்கச் சுவரோரம் செருப்புகள் மலையாகக் கிடந்தன. மகன் வேலைக்குப் போயிருந்தான். மருமகள் மடிக்கணினியோடு எட்டிப் பார்த்தாள். தச்சர் பலகைகளை அடுக்கினார். முதலில் தாழ்வாகத்தான் வைப்பார்.

“உக்காருங்க மாமா.”

“என்ன ஆட்டம், நாற்காலி விளையாட்டா?” மாமா தொப்பென்று உட்கார்ந்தார்.

“எந்திரிங்க.”

மாமா எழுந்தார். எழுவதற்கு முன்னால் அவருடைய வலது கை, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், பின்பக்கமாகப் போய்க் கதவு நிலையைப் பிடித்தது. முகம் செங்கல் நிறமாகி, பிறகு பழைய நிறத்துக்கு வந்தது.

தச்சர் அந்தக் கையைப் பார்த்தார். அடுத்த பலகையை எடுத்தார். அவருடைய வழக்கப்படி அது ஒன்று போதாது. குறைந்தது இன்னும் இரண்டு பலகை வேண்டும்.

“எதுக்கு இன்னொண்ணு?” என்றார் மாமா. “நான் என்ன கெழவனா? இந்த உயரமே போதும்.”

“எனக்கும் இது கரெக்டா இருக்கு சின்ன மாமா,” என்று மருமகள் தச்சரிடம் சொல்லி, உட்கார்ந்து, புறா மாதிரி எழுந்து காட்டினாள்.

“இன்னும் கொஞ்சம் உசரம் வச்சா நல்லதுங்க,” என்று அக்கா தொடங்கினாள்.

“உனக்கு என்ன தெரியும்? போய்த் தண்ணி கொண்டா.”

பலகையைத் தூக்கிய தச்சரின் கை பாதியில் நின்றது. மெதுவாக அதைக் கீழே வைத்தார். “சரி மாமா,” என்றார்.

பிறகு தட்டுகளைப் பற்றிப் பேச்சு வந்தது. செருப்புத் தட்டுகளை பெஞ்சின் முன் விளிம்பிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளிப் போடப் போவதாகத் தச்சர் சொன்னார். எழுகிறவன் குதிகாலைத் தன் அடிக்கு இழுத்துக்கொண்டுதான் எழ முடியும். கால் முன்னாலேயே நின்றுவிட்டால் உடம்பு பின்னால் போகும். வேண்டுமானால் நாற்காலியில் உட்கார்ந்து யாரும் செய்து பார்க்கலாம்.

“குதிகால் உள்ள போக எடம் விடணும் மாமா.”

“செருப்பு வித்தவன்கிட்டயே குதிகாலைப் பத்திப் பேசுறியா?” மாமா வாய்விட்டுச் சிரித்தார். “ஒரு சாண் எடம்னா எத்தனை ஜோடி தெரியுமா? தட்டை முன்னால வரைக்கும் கொண்டு வா. எடத்தை வீணாக்காதே.”

ஒரு தடவை சொல்லியாகிவிட்டது. அன்றைக்கும் ஒரு தடவைதான் சொன்னார். இன்றைக்கும் மாமா அதே மனிதர், அதே குரல், அடியில் இடம் பிடிக்கும் அதே ஆசை. தச்சருக்கு வாயெல்லாம் இனித்தது.

“நீங்க சொன்னபடியே செஞ்சிடுறேன் மாமா.”

பழைய வீடு இடித்த இடத்தில் வாங்கி வைத்திருந்த கதவு மரத்தை எடுத்தார். நல்ல முற்றிய மரம். தட்டினால் மணி மாதிரி பதில் சொல்லும். திருகாணியே இல்லாமல், கழுந்தும் துளையும் போட்டுச் சேர்த்தார். ஒவ்வொரு கழுந்தையும் கொட்டாப்புளி என்ற மரச் சுத்தியலால் செல்லமாகத் தட்டி இறக்கும்போது காற்று துளையிலிருந்து புஸ் என்று வெளியேற வேண்டும். அப்படி வெளியேறினால்தான் அவருக்குத் திருப்தி. கீழே குறுக்குச் சட்டம், ஒன்றுக்கு இரண்டாக. தட்டுகள் பலகையாக இல்லாமல் இடைவெளி விட்ட பட்டிகள், செருப்பு மண் கீழே உதிர. பட்டிகள் முன்பக்கம் கொஞ்சம் சாய்வு, ஜோடிகள் முகம் காட்டி நிற்க. தரையைத் தொடும் கால் நுனிகளுக்கு ரப்பர், மழை ஈரம் மரத்தில் ஏறாமல் இருக்க. ஓரத்தில் உயரமான ஷூக்களுக்குத் தட்டில்லாத ஒரு அறை. உட்காரும் பலகையின் விளிம்பைத் தொடை உறுத்தாதபடி உருட்டி, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துக் குழந்தையின் கன்னமாக ஆக்கினார்.

பக்கத்துப் பட்டறை பாலிஷ்காரர் பீடி அணைத்துவிட்டு வந்து தடவிப் பார்த்தார்.

“யாருக்கு ஆட்டம், இவ்வளவு பாசமா?”

“எங்க மாமாவுக்கு.”

“அந்த ஆளுக்கா? உன் பேரைக் கெடுத்த ஆளுக்கா?” பாலிஷ்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “என்னய்யா, சாமியாராப் போறியா?”

“உக்காந்து பாரு.”

பாலிஷ்காரரும் வயிறு வைத்தவர். உட்கார்ந்தார். “ஆகா,” என்றார். எழப் போனார். குதிகால் தட்டில் முட்டியது. மறுபடியும் முயன்றார். பிறகு தச்சரைப் பார்த்தார். தச்சர் உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

“அடப் பாவி,” என்றார் பாலிஷ்காரர் மெல்ல. “கையைக் குடு.”

பெஞ்சு போய் இறங்கிய நாளில் வீடு முழுக்க நடையில் கூடியது. தச்சர் அதைச் சுவரின் நடுவில் வைத்தார். கதவு நிலை எந்தக் கைக்கும் எட்டாத இடம். மருமகள் ஒரு முனையைப் பிடித்து அசைத்தாள். பாறையை அசைத்தது போலிருந்தது. மாமாவும் அசைத்தார். பிறகு பட்டிகளில் விரலை ஓட்டி, ஜோடிகளை எண்ணி, “இப்பத்தான் மாப்ளே வேலை கத்துக்கிட்டிருக்கே,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஷூவை மாட்டினார். கயிற்றை முடிந்தார்.

எழவில்லை.

ஒரு தடவை முன்னால் சாய்ந்தார். கை பின்னால் போய் நிலையைத் தேடிச் சுவரைத் தடவியது. குதிகால் தட்டில் இடித்தது. மாமா மறுபடியும் பின்னால் சாய்ந்து, காலை நீட்டி, மரத்தைத் தட்டி, “என்ன சொகமா இருக்கு!” என்றார்.

“அப்ப கிளம்பலையா மாமா?” என்றாள் மருமகள்.

“இருக்கட்டும். அவசரம் என்ன?”

டீ வந்தது. மாமா பெஞ்சிலேயே குடித்தார். தம்ளரை வாங்கிக்கொண்டார்கள். பேப்பர் கேட்டார்; வந்தது. போகிற வருகிறவர்களெல்லாம் அவருடைய முழங்காலைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பாத்ரூம் அவசரம் முகத்தில் தெரியத் தொடங்கியபோது தச்சர் பையைத் தோளில் போட்டார்.

“வரட்டுமா மாமா?”

அந்த நேரத்தில் மாமாவின் கண்களில் உதவி கேட்கும் ஒரு வார்த்தை வந்து நின்றதைத் தச்சர் பார்த்தார். அது உதட்டுக்கு வரும்வரை காத்திருக்காமல் படி இறங்கினார். தெருவில் நடந்தபோது, வெகு காலத்துக்குப் பிறகு உடம்பு லேசாக இருந்தது. பட்டறைக்கு வந்து ஏணி ஒன்றைச் செய்துகொண்டே சீட்டி அடித்தார். ஒவ்வொரு காலையும், இப்போது மாட்டுவார், இப்போது முடிவார், இப்போது ஆடுவார் என்று கணக்குப் போட்டுக்கொண்டே டீ குடித்தார். டீ அவ்வளவு ருசியாக இருந்தது.

சில வாரங்கள் கழித்து அக்கா பட்டறைக்கு வந்தாள். ஷூ மாட்டும் கரண்டியைத் தொங்கவிட பெஞ்சின் பக்கத்தில் ஒரு கொக்கி வேண்டுமாம். சுவரில் தொங்கிய பித்தளைக் கொக்கிகளைக் காட்டி, “எது வேணுமோ எடுத்துக்கோக்கா,” என்றார் தச்சர். அக்கா வலது கையைத் தூக்கினாள். கை தோளுக்கு மேலே போகவில்லை. இடது கையால் எட்டி எடுத்தாள். கிட்டே வந்தபோது தைல வாசனை அடித்தது.

“கைக்கு என்ன?”

“ஒண்ணுமில்லடா. இழுத்து இழுத்து.”

“எதை?”

“எதையா? உங்க மாமாவைத்தான். தெனம் காலையில, சாயங்காலம். யார் தூக்குவா? மருமக ஆபீஸ் போயிடுறா.”

அக்கா கொக்கியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். தச்சர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எத்தனை நாள் யோசித்திருக்கிறார், குதிகாலை யோசித்தார், விளிம்பை யோசித்தார், கதவு நிலையை யோசித்தார். மாமா எழ முடியாது என்பதுவரை யோசித்தார். எழுந்துதானே ஆக வேண்டும், யார் எழுப்புவார்கள் என்பதை யோசிக்கவே இல்லை. ஒழுங்காகக் குறி பார்த்து எறிந்த கல், கல் எறிந்தவனின் அக்கா தோளில் போய் விழுந்திருக்கிறது. அவருக்கு மாமா மீது இன்னும் கோபம் வந்தது. இதையும் அந்த ஆள் அடுத்தவர் தலையில் கட்டிவிட்டாரே!

மறுநாள் கடினமான மரத்தில் கால்களுக்கு அடியில் வைக்கக் கட்டைகள் அறுத்தார். பெஞ்சு உயர்ந்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்; முன் பட்டியையும் கழற்றிவிட்டால் முழுதும் தீரும். பழியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்ளப் போகிறோம் என்று நினைத்தபோது மனம் வரவில்லை. இருந்தும் போனார்.

அக்காதான் கதவைத் திறந்தாள். உள்ளே மாமா டாக்டரிடம் போகக் கிளம்பிக்கொண்டிருக்கும் சத்தம். தச்சர் நடையில் மண்டியிட்டு, பெஞ்சின் ஒரு முனையைத் தூக்கினார்.

“என்னடா பண்றே?”

“கொஞ்சம் உசத்திடுறேன்க்கா. உன் தோள்...”

“வை கீழே.”

தச்சர் நிமிர்ந்து பார்த்தார். அக்கா உள்கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“நீ வேணும்னுதான் செஞ்சேன்னு எனக்குத் தெரியாதா? பலகையைத் தூக்கிட்டுக் கீழே வச்சியே, அப்பவே தெரியும். இந்தத் தட்டை முட்ட வச்சதும் தெரியும்.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“எதுக்குச் சொல்லணும்? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கொண்டா, எடு, வை, போ. இதுதாண்டா நான் கேட்டது. இப்பத்தான் ‘கொஞ்சம்’னு ஒரு வார்த்தை அவர் வாயிலேர்ந்து வருது. ‘கொஞ்சம் கை குடேன்’ங்கிறார். மொத நாள் எனக்குக் காதுல ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்.” அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் தச்சர் அதுவரை பார்த்ததில்லை. “தோள் வலிக்கத்தான் செய்யுது. இருந்துட்டுப் போகட்டும். நீ ஏத்தாதே.”

“அக்கா...”

“ஷ். வர்றார்.”

மாமா வந்தார். தச்சரைப் பார்த்து, “என்ன ஆட்டம், காலங்காத்தால?” என்றார். உட்கார்ந்தார். புதுக் கொக்கியிலிருந்து கரண்டியை எடுத்து ஷூவை மாட்டினார். வெளியே வாடகை வண்டி ஹாரன் அடித்தது.

“கொஞ்சம் கை குடு,” என்றார்.

அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“உன்னைத்தான். வண்டி நிக்குது.”

“நிக்கட்டும். ஒண்ணு கேக்கணும். அந்தக் கடை பெஞ்சு ஏன் சாஞ்சுது?”

“எந்தக் கடை? எந்த பெஞ்சு?”

“கடை திறந்த அன்னைக்குச் சாஞ்ச பெஞ்சு. அடியில ஒரு கட்டை இருந்துதே, அதை யார் எடுக்கச் சொன்னது?”

மாமா அக்காவைப் பார்த்தார், தச்சரைப் பார்த்தார். தச்சரிடம் கையை நீட்டினார். தச்சர் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அது யோசித்துச் செய்ததில்லை. மாமா தானாகவே எழப் பார்த்தார். குதிகால் தட்டில் முட்டியது. இன்னொரு முறை. நெற்றியில் வேர்வை. ஹாரன் மறுபடியும்.

“இப்ப அதுக்கு என்னடி வந்துச்சு?”

“ஒண்ணும் வரல. சொல்லிட்டு எந்திரிங்க.”

“நான்தான் எடுக்கச் சொன்னேன். போதுமா?”

“எதை?”

“கட்டையை!”

“யார்கிட்ட சொன்னீங்க?”

“இதோ, இந்த ஆட்டத்துக்கிட்டதான்.”

“அவனுக்குப் பேர் இருக்கு.”

மாமா பல்லைக் கடித்தார். பிறகு பெயரைச் சொன்னார். அந்த வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தபோது, யாரோ வேறொருவரைக் கூப்பிடுகிறார் என்று நினைத்துத் தச்சர் ஒருகணம் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அக்கா கையை நீட்டினாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு இழுத்தாள். மாமா எழுந்து, சட்டையை இழுத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி, “பெஞ்சைக் கொஞ்சம் உசத்திவிட்டுட்டுப் போ மாப்ளே, ரொம்பத் தாழ்வா இருக்கு,” என்று படியிறங்கினார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

நடையில் இருவரும் நின்றார்கள். இத்தனை காலம் காத்திருந்த வாக்கியம் வந்துவிட்டது. தச்சர் எதிர்பார்த்தது ஏதோ பெரிய மரம் சாய்கிற மாதிரி. வந்ததோ, செருப்பில் ஏறிய முள்ளை எடுத்து எறிகிற மாதிரி, வேண்டா வெறுப்பாக. ஆனாலும் வந்துவிட்டது. தொண்டையில் இருந்த இடம் காலியாக இருந்தது. எச்சில் விழுங்கிப் பார்த்தார், தடங்கலில்லாமல் இறங்கியது.

“அன்னைக்கே இதைக் கேட்டிருக்கலாமேக்கா,” என்றார்.

“அன்னைக்கு அவர் நின்னுக்கிட்டு இருந்தார்டா,” என்றாள் அக்கா. “நிக்கிற ஆள்கிட்ட நான் என்னைக்குக் கேட்டிருக்கேன்?” தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே சொன்னாள்: “இது உனக்காகக் கேட்டது. எனக்காகக் கேக்க வேண்டியது நெறைய இருக்கு. ஒவ்வொண்ணா கேப்பேன். தெனம் ஷூ மாட்டித்தானே ஆகணும்.”

தச்சர் அறுத்துக்கொண்டு வந்த கட்டைகளைப் பார்த்தார், அக்காவின் தோளைப் பார்த்தார். பிறகு போய் பெஞ்சில் மாமா உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்தார். முன்னால் சாய்ந்து, கையை முடிந்த மட்டும் நீட்டினார். எதிர்ச் சுவரில், விரல் நுனிக்கு ஒரு சாண் எட்டாத உயரத்தில், எழுந்து போய்ப் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

“இங்க வந்து நில்லுக்கா. இடது கையை இப்படி வை.”

கட்டைகளில் நீளமான ஒன்றை எடுத்து, உள்ளங்கைக்கு இதமாக விளிம்புகளை உருட்டினார். சுவரைத் துளைத்தார். கடையில் கிடைக்கிறதிலேயே நீளமான போல்ட்டுகளை வாங்கி வந்து இறுக்கினார். உட்கார்ந்தவருக்கு எட்டாத, நின்று இழுப்பவருக்கு மட்டும் எட்டுகிற பிடி. ஒரு கையால் அதைப் பற்றிக்கொண்டு மறு கையால் இழுத்தால் பாரம் தோளில் நிற்காமல் சுவருக்குப் போய்விடும்.

அக்கா இடது கையால் பிடியைப் பற்றினாள். உடம்பைப் பின்னால் சாய்த்துப் பார்த்தாள். வலது கையை, ஆளில்லாத பெஞ்சை நோக்கி நீட்டினாள்.

“ம், கேட்டதுக்கு பதில் சொல்லுங்க,” என்றாள் காலிப் பலகையிடம். “அப்புறம் எந்திரிக்கலாம்.”